உயரத்தில் இருந்து ஓட்டுகிறவர்களுக்கு

திருகோணமலையில் ஜீப் பழக வருகிற பிள்ளைகள் எல்லோரும் கியரைப் பற்றியும் நாலு சில்லு இழுவையைப் பற்றியும்தான் கேட்கிறீர்கள். கண்ணாடியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மொண்டெரோவிலோ பிராடோவிலோ ஏறி இருந்தால் முன்னால் போகிற காரின் கூரைக்கு மேலாலும் றோட்டுத் தெரியும். அந்தத் தைரியத்தில் எல்லாமே தெரிகிறது என்று நினைத்துவிடுகிறோம். தூரம் தெரிகிறது, உண்மை. காலடி தெரியாது. என் பேச்சு முழுக்க அந்தக் காலடியைச் சுற்றித்தான்.

1. ஓடுவதற்கு முதல் நிற்பாட்டிப் பாருங்கள். வெறும் வளவொன்றில் வண்டியை விட்டு, நீங்கள் ஆசனத்தில் இருங்கள். கூட்டாளி ஒருவர் பொனற்றுக்கு முன்னால் ஒரு வாளியை வைத்து, அது உங்கள் கண்ணில் படும்வரை வண்டியை விட்டுத் தூர நகர்த்திக்கொண்டு போகட்டும். பிறகு இடப்பக்கம், அதற்குப் பிறகு பின்பக்கம். பின்கதவில் உதிரிச் சில்லு தொங்கும் வண்டியென்றால் பின்கண்ணாடியின் கீழ்ப்பாதி உங்களுக்கு இல்லை என்றே வையுங்கள். வாளி எந்த இடத்தில் தெரிய வந்தது என்பதைக் காலடியால் அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. இடது மட்கார்ட்டில் நிற்கும் குட்டிக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். ஜப்பானிலிருந்து வந்த பல ஜீப்புகளில் அது இருக்கும். வடிவில்லை என்று கழற்றி, ஓட்டையை றப்பரால் அடைத்து வைத்திருக்கிற வண்டிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. 1 மீற்றர் உயரமும் 30 சென்ரிமீற்றர் விட்டமும் உள்ள ஒரு தூண் வண்டியின் முன்புறமோ இடப்புறமோ ஒட்டி நின்றால் சாரதிக்கு நேராகவோ, கண்ணாடியிலோ, கமராவிலோ தெரிய வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. 1 மீற்றர் என்றால் சின்னப் பிள்ளையின் உயரம். ஜப்பானியரும் நம்மைப்போல வலப்பக்கம் இருந்து இடப்பக்கத்தால் ஓடுகிறவர்கள். அதனால் அந்தக் கண்ணாடி நமக்கு அப்படியே பொருந்தும். வண்டியை எடுக்க முதல் ஒருதரம் அதைப் பாருங்கள். முன்சில்லு, பம்பரின் மூலை, கானின் விளிம்பு, நிழலுக்குப் படுத்திருக்கும் நாய், எல்லாம் உள்ளங்கை அளவில் தெரியும். ஓடும்போது அது உதவாது, எடுக்கும்போதும் ஒதுக்கும்போதும்தான். புதிய வண்டிகளில் இதே வேலையை இடது கதவுக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியோ கமராவோ செய்கிறது.

3. கதவுக் கண்ணாடியில் உங்கள் வண்டியை நீங்களே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடம்பின் ஒரு கீற்று விளிம்பில் தெரிந்தால் போதும். சரியாக வைத்தீர்களா என்று பார்க்க, நிலாவெளி றோட்டோரம் நிற்பாட்டிவிட்டு உங்களைக் கடந்து போகும் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கவனியுங்கள். உள்கண்ணாடியை விட்டு அது மறைய முதல் வலக்கண்ணாடிக்குள் வர வேண்டும். அதையும் விட்டு மறைய முதல் கடைக்கண்ணில் பட வேண்டும். கதவுக் கண்ணாடி குவிந்தது, நிறையக் காட்டும். அதற்கு விலையாக எல்லாவற்றையும் சின்னதாக்கித் தூரத் தள்ளிவிடும். வருகிற வாகனத்தின் தூரத்தைச் சமதளமான உள்கண்ணாடியில் அளவெடுங்கள்.

4. முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள். புரண்டாலும் கூரை நசியாமல் இருக்கவே அவற்றைத் தடிப்பாகச் செய்கிறார்கள். அந்தத் தடிப்புக்குள் ஒரு சைக்கிள்காரர் முழுசாக மறைவார். அநுராதபுரச் சந்தியை நோக்கி நீங்களும் அவரும் ஒரே கணக்கில் நெருங்கினால் கடைசிவரை தூணுக்குப் பின்னாலேயே வருவார். துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை: திசை மாறாமல் பெரிதாகிக்கொண்டே வருகிற கப்பல்தான் மோதும். சந்தியில் கழுத்தைத் திருப்பினால் போதாது. ஆசனத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் அசைந்து பாருங்கள்.

5. கண்ணாடியின் மூலையைப் படியுங்கள். முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பிரான்ஸ் நாட்டு எடுவார் பெனெடிக்டுஸ் 1909இல் காப்புரிமை எடுத்த வழி இது. வெடித்தாலும் சிதறாமல் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தவை. உடைந்தால் மணிமணியாகக் கொட்டும். ஆபத்தில் உடைத்து வெளியேற வேண்டுமென்றால் பக்கக் கண்ணாடியை, அதுவும் மூலையில் அடியுங்கள். மூலை முத்திரையில் ரோமன் ஐந்து இருந்தால் 70 வீதத்துக்கும் குறைந்த ஒளிதான் உள்ளே வரும் என்று பொருள். பின்பக்க இருட்டுக் கண்ணாடிகளில் அதைக் காண்பீர்கள். முன்கதவுகளுக்கும் அதே இருட்டு வேண்டுமென்று கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். மம்மல் நேரத்தில் கதவுக் கண்ணாடியை அந்த ஸ்டிக்கருக்கு ஊடாகத்தானே பார்க்கப் போகிறீர்கள்?

6. உப்பு. உட்துறைமுக வீதியில் ஓர் இரவு வண்டியை விட்டால் விடியக் கண்ணாடியில் விரலால் எழுதலாம். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதீர்கள். மணலும் உப்பும் சேர்ந்து கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கதவுக் கண்ணாடியின் கரை கறுக்கத் தொடங்கினால் பின்பூச்சுக்குள் உப்பு இறங்கிவிட்டது. அது துடைத்துப் போகாது.

7. இரவில் உள்கண்ணாடியின் அடிநாக்கைத் தட்டிவிடுங்கள். அந்தக் கண்ணாடி ஆப்பு வடிவம். பின்பூச்சு காட்டும் முழு வெளிச்சம் கூரைப் பக்கம் போய்விட, முன்முகம் திருப்பும் சுமார் 4 வீதம்தான் கண்ணுக்கு வரும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ஓடும்போது இது முக்கியம். பின்னால் வரும் லொறியின் வெளிச்சத்தில் கண் கூசிப்போனால், முன்னால் நிற்கிற யானை தெரியாது. முன்கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள்; வெயிலில் காயும் டாஷ்போர்ட் விடுகிற ஆவி அங்கே படலமாகப் படியும். மாரியில் கண்ணாடி மூடிக்கொண்டால் எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உள்ளே என்றால் ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளியே என்றால் ஏசியைக் குறைத்து வைப்பரைப் போடுங்கள்.

8. பழைய வண்டி வாங்கும்போது. 2020இல் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உடைந்த கதவுக் கண்ணாடிகளுக்குப் பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகளில் கிடைத்ததைப் பூட்டி ஓடியவர்கள் நிறையப் பேர். அதுவும் கிடைக்காதவர்கள் உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். வெட்டியது சமதளம். பார்வைக்கு அச்சொட்டாக இருக்கும், ஆனால் பக்கத்தில் வருகிற ஓட்டோவைக் காட்டாது. விலை பேச முதல் இடது கண்ணாடிக்கு முன்னால் நின்று உங்கள் முகத்தைப் பாருங்கள். பிறகு அதே தூரத்தில் நின்று உள்கண்ணாடியிலும் பாருங்கள். இரண்டிலும் முகம் ஒரே அளவென்றால், புதுக் கண்ணாடிக்கான காசை விலையில் கழித்துக் கேளுங்கள்.