பேச்சு போனால் அறிவும் போயிற்றா?

சௌல்தாரி போன்ற தெற்கு அந்தமான் ஊர்களில் வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பேசி வாழ்பவர்கள் ஏராளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபார் மக்களில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். இப்படி இரு மொழிகளில் வாழ்பவர்களுக்கும் பக்கவாதம் வரலாம். அது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா என்னும் மொழித்திறன் இழப்பு ஏற்படுகிறது. அதைச் சுற்றி நிலவும் சில நம்பிக்கைகளைத் திருத்தியே ஆக வேண்டும்.

நம்பிக்கை: பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது.
உண்மை: பெரும்பாலோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடப்பக்கம். அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் சொற்கள் சிக்கிக்கொள்ளும். ஆனால் ஆளை அடையாளம் காண்பதும், பாசமும், கோபமும் அப்படியே இருக்கலாம். அவர் எதிரிலேயே "இவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேசாதீர்கள்.

நம்பிக்கை: தலையாட்டுகிறாரே, எல்லாம் புரிகிறது.
உண்மை: டம்ளரை நீட்டியபடி "தண்ணி குடிங்கப்பா" என்றால், டம்ளரைப் பார்த்தே வாயைத் திறப்பார். கையையும் கண்ணையும் அசைக்காமல், "முதல்ல ஜன்னலைக் காட்டுங்க, அப்புறம் கதவைக் காட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். நடுப்பகலில் "இப்போ ராத்திரியா?" என்று கேளுங்கள். அதற்கும் தலையாட்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம்பிக்கை: சோதனைக்கு நாள்கணக்காகும்.
உண்மை: 1987இல் இங்கிலாந்தில் வெளியான ஃப்ரென்ச்சே முதல்நிலைச் சோதனை சில நிமிடங்களில் முடியும். படத்தில் கேட்டதைக் காட்டுவது, படத்தை விவரிப்பது, விலங்குகளின் பெயர்களை அடுக்குவது, வாசிப்பது, எழுதுவது என மொத்தம் 30 மதிப்பெண். குறைந்த மதிப்பெண் மட்டுமே நோயை உறுதிசெய்யாது. விரிவான பரிசோதனை தேவை என்பதே அதன் பொருள். பார்வைக்கோளாறு, காது மந்தம், எழுத்தறிவின்மை ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

நம்பிக்கை: இந்தி தெரியுமே, இந்தியில் சோதித்தால் போதும்.
உண்மை: இரு மொழிகளும் சம அளவில் கெடலாம், ஒன்று மற்றதைவிட அதிகமாகவும் கெடலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் பாரடி இருமொழிச் சோதனையைப் பல மொழிகளில் தனித்தனியாக அமைத்தது இதற்காகத்தான். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்த கேள்வி சரியான அளவுகோல் ஆகாது.

நம்பிக்கை: ஆறு மாதம் தாண்டினால் பயிற்சி வீண்.
உண்மை: ஆறு மாதங்களுக்கு மேலாக அஃபேசியாவுடன் இருந்தவர்களுக்கு வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று வாரம் பயிற்சி கொடுத்த ஜெர்மன் ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. அன்றாடப் பேச்சுத் தொடர்பு மேம்பட்டது.

திடீரென்று பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம்; வீட்டிலேயே சோதித்து நேரம் கடத்தாதீர்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) உள்ள ஜி. பி. பந்த் மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் எந்த மொழி பேசுவார், எதில் வாசிப்பார், எதுவரை படித்தவர் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.