சாயம் பூசுமுன் நீர்மானியைப் பாருங்கள்

வீட்டை விற்க முடிவு செய்ததும் பலர் முதலில் சுவருக்குச் சாயம் பூசுகிறார்கள். ஆனால் சுவருக்குள் குழாய் கசிந்தால் புதுச் சாயம் நிலைக்காது. ஏன் தெரியுமா?

செங்கல்லிலும் சிமெண்டிலும் நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே ஊறும் நீர், உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியானதும் உப்பு படிகமாகி, சாயத்தை உள்ளிருந்து தள்ளி உரிக்கிறது.

கசிவைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. கூரைத் தொட்டி நிரம்பியபின் எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் யாரும் நீர் பயன்படுத்தக் கூடாது. எண் மாறியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

அடுத்து, கழிவறையின் ஃபிளஷ் தொட்டியில் சில துளி உணவு நிறமி விடுங்கள். 30 நிமிடம் ஃபிளஷ் செய்யாதீர்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால், தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் அடைப்பான் சரியாக மூடவில்லை.

சொட்டும் குழாயையும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஒரு துளி 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஒரு துளி வீதம் நாளுக்கு 86,400 துளிகள்; அதாவது 4 லிட்டருக்கும் மேல்!

பழைய தரை வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் இருக்கலாம். பூச்சு தேய்ந்ததும் இரும்பு துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் குழாயின் உட்புறம் குறுகி நீரோட்டம் குறையும். அண்டை வீட்டில் தெளிந்த நீர் வரும்போது உங்கள் வீட்டில் மட்டும் காலையில் பழுப்பு நீர் வந்தால், குழாய் பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். சுவர் நன்றாகக் காயட்டும். பிறகு சாயம் பூசுங்கள். கறையை மட்டும் மறைத்து விற்றால், வாங்கியவர் குடியேறிய பின் அது மீண்டும் எட்டிப்பார்க்கும்.