மிக்ஸி நின்றதும் மோட்டாரைப் பழிக்கலாமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டுச் சமையலறையில் ஸ்திரமாக இடம் பிடித்துக்கொண்ட மிக்ஸியின் கதை, நம் நாட்டில் ஒரு பழுதிலிருந்தே தொடங்குகிறது. சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்தியப்பிரகாஷ் மாத்தூர் என்பவர், தம் வீட்டிலிருந்த பிரவுன் என்னும் ஜெர்மானிய யந்திரம் பழுதுபட்டு, அதைச் சீர்செய்வாரும் இங்கே அகப்படாமற் போகவே, நம் சமையலுக்கு ஈடுகொடுக்கக்கூடிய மோட்டார் ஒன்றைத் தாமே வகுக்க முற்பட்டதன் பயனாக, 1960களில் தோன்றியது சுமீத் மிக்ஸி. பிறகு பல நிறுவனங்கள் எழுந்தன. 2011இல் தமிழக அரசின் விலையில்லா மிக்ஸித் திட்டமும் வந்து, எளியவர் வீடுகளுக்கும் இந்த யந்திரத்தைக் கொண்டு சேர்த்தது. இவ்வளவு நெருங்கிய பழக்கம் ஏற்பட்ட பின்னும், அதன் நோய்களைப் பற்றி நாம் பேசும்போது மட்டும் பரிசோதனையைவிட ஐதிகமே மிகுந்திருக்கிறது. ‘மோட்டார் போய்விட்டது’ என்று தீர்ப்புச் சொல்லப்படும் யந்திரங்கள் பலவற்றில் மோட்டார் நலமாகவே இருக்கும். அதைக் காப்பதற்கென்று வைக்கப்பட்ட சிறு உறுப்பு ஒன்றுதான் தன் கடமையைச் செய்து ஓய்ந்திருக்கும்.

நம்பிக்கை: அரைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால் மோட்டார் எரிந்துவிட்டது என்று பொருள்.

உண்மை: கெட்டித் தேங்காயையோ ஊறிய உளுந்தையோ போதிய தண்ணீர் விடாமல் ஜார் நிறையப் போட்டு ஓட்டும்போது, மோட்டார் வழக்கத்துக்கு மீறிய மின்சாரத்தை இழுத்துச் சூடேறுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடுவதற்காகவே ஓவர்லோடு சுவிட்ச் என்னும் காவல் உறுப்பு வைக்கப்பட்டிருக்கிறது. யந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சிவப்பு நிறச் சிறு பொத்தான் ஒன்று சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜாரில் உள்ளதைக் குறைத்து, சில நிமிஷம் ஆறவிட்டுப் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலும் யந்திரம் மறுபடி ஓடும். ஆனால் காலி ஜாரோடு ஓட்டும்போதும் பொத்தான் அடிக்கடி வெளியே வந்துவிடுமானால், பழுது வேறிடத்தில் இருக்கிறது என்று அறிந்து மேற்கொண்டு அழுத்தாமல் விட்டுவிடவேண்டும்.

நம்பிக்கை: மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றாவிட்டால் மிக்ஸிக்கு ஆயுள் முடிந்தது.

உண்மை: முடிந்தது கப்ளரின் ஆயுள் மட்டுமே. மோட்டாரின் தண்டையும் ஜாரின் பிளேடையும் இணைக்கும் அந்தப் பல் வைத்த சக்கரத்தை உலோகத்தில் செய்யாமல் ரப்பரிலோ நைலானிலோ செய்வது, சிக்கனத்தை மட்டும் உத்தேசித்தன்று. பிளேடு எங்கேனும் சிக்கி நின்றுவிட்டால், விலையுயர்ந்த மோட்டார் அடிபடுவதற்குப் பதிலாக விலை குறைந்த கப்ளரே தேய்ந்து போகட்டும் என்ற முன்யோசனையும் அதில் உண்டு. ஆகவே, ‘இனித் தேயாதபடி இரும்பில் செய்து போடுங்கள்’ என்று கடைக்காரரை வற்புறுத்துவது, காவலாளியை வேலையைவிட்டு நீக்குவதற்குச் சமானம்.

கப்ளரை மாற்றுவதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. யந்திரம் ஓடும்போது கப்ளர் தானாகக் கழன்றுவிடாதபடி, மோட்டார் சுழலும் திசையை அநுசரித்தே அதன் மரை வெட்டப்பட்டிருக்கும். பல மிக்ஸிகளில் அது எதிர்மரையாகவும் இருக்கும். கழற்றுவதாக எண்ணிக்கொண்டு இறுக்கி இறுக்கியே அதை உடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அடிப்பக்கத்து மூடியைத் திறந்து, மோட்டார் தண்டின் கீழ்முனையில் உள்ள பிளவில் திருப்புளியை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் இணங்காவிட்டால் மறுபக்கம் திருப்பிப் பார்ப்பதே விவேகம்.

நம்பிக்கை: உள்ளே நெருப்புப் பொறி தெரிந்தால் யந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

உண்மை: பளுவில்லாதபோது நிமிஷத்துக்குச் சுமார் 18,000 முதல் 20,000 சுற்று வரை சுழலும் மிக்ஸி மோட்டாரில், சுழலும் பகுதியாகிய ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பவை, ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் அதன் செப்புப் பட்டைகளின்மேல் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள். அவ்விடத்தில் மெல்லிய நீலப்பொறி தோன்றுவது இயல்பே. பொறி சிவந்து நீண்டு, செப்புப் பட்டைகளைச் சுற்றி வளையமாக ஓடினால்தான் கவலைக்கு இடமுண்டு. அப்போதும் முதலில் பார்க்கவேண்டியது கார்பன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை. கால் அங்குலத்துக்கும் குறைந்துவிட்டிருந்தால், ஒன்று சற்று நீளமாகத் தோன்றினாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். புதிய கார்பன் தன் முகத்தை வளைவுக்குத் தக்கபடி தேய்த்துக்கொள்ளும் வரையில் பொறி சற்று அதிகமாகவே இருக்கும். அதைக் கண்டு பதறவேண்டியதில்லை.

நம்பிக்கை: சத்தம் போட்டால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும்.

உண்மை: தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்குவது, மார்கழி காலையில் புட்டியில் நாம் பிரத்யட்சமாகக் காண்பது. அதோடு மாவுத் தூசியும் சேர்ந்தால், தண்டைச் சுற்றி இறுகிப் பிசுபிசுத்து, தீர்க்க வந்த தொல்லையை வளர்த்துவிடும். வழிந்த எண்ணெய் கார்பன் தூளோடு கலந்து செப்புப் பட்டைகளில் படிந்தால் பொறியும் அதிகமாகும். சத்தம் மோட்டாரிலிருந்து வருகிறதா, ஜாரிலிருந்து வருகிறதா என்று அறிய, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கப்ளரைக் கையாலும், ஜாரைக் கவிழ்த்து அதன் அடிச்சக்கரத்தை விரலாலும் தனித்தனியே சுற்றிப் பார்த்தால் போதும். உலர்ந்த சட்னி, பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷில் ஏறி ஜார் இறுகியிருந்தால், அது வெந்நீரில் ஊறவைத்தே இளகிவிடும்.

நம்பிக்கை: கல்லுப்பை அரைத்தால் பிளேடு கூர்மையாகும்.

உண்மை: மோஸ் என்னும் கடின அளவையில் உப்புக்கு 2.5 தான், எஃகுக்கு 5க்கும் மேல். மெலிந்தது வலியதைத் தீட்டாது. ஒட்டியிருந்த பிசுக்கை உப்புச் சுரண்டி எடுத்துவிடுவதால் பளபளப்பு உண்டாகிறது; அதைக் கூர்மை என்று மயங்குகிறோம். உடனே கழுவாவிட்டால் அந்த உப்பே எஃகை அரிக்கும்.

நம்பிக்கை: ஜார் ஒழுகுவதற்கும் மோட்டாருக்கும் சம்பந்தமில்லை.

உண்மை: மோட்டாரின் மெய்யான சத்துரு இதுதான். ஜாரின் அடியில் உள்ள வாஷர் தேய்ந்ததும், கறுத்த நீர் கப்ளரின் வழியே கசிந்து, தண்டைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. முதலில் பேரிங்கும், பின்னர் கம்பிச் சுருளாகிய காயிலும் கெடுகின்றன. ஒழுகலையும் மோட்டாரையும் இணைத்துப் பார்க்காமல், ஒழுகலைத் துணியால் துடைத்துவிட்டுப் போகும் அலட்சியத்தின் பலனைப் பின்னால் மோட்டாரின் தலையில் சுமத்துகிறோம்.

நம்பிக்கை: பழையதைப் பழுதுபார்ப்பது எப்போதும் நஷ்டம்.

உண்மை: கப்ளர், கார்பன், வாஷர், ஓவர்லோடு சுவிட்ச், ஒயர் ஆகியவை சொற்பச் செலவில் முடிபவை; பிளக் பிடுங்கப்பட்டிருக்கிறது என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டு வீட்டிலேயே மாற்றிவிடலாம். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை வெட்டுவது மட்டும் எக்காலத்திலும் கூடாது. காயிலின் வார்னிஷ் கருகிய கடுநாற்றம் வீசினாலோ, ஆர்மேச்சரின் செப்புப் பட்டைகள் குழிந்து கறுத்திருந்தாலோ, அது நம் கைக்கு எட்டிய வேலையன்று. காயில் கட்டும் மெக்கானிக்கிடம் கூலி கேட்டு, புதிய யந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யவேண்டும். நஷ்டக் கணக்குக்கு நியாயம் உண்டாவது அந்தக் கட்டத்தில்தான்.