வேலையை விட்டுவிட்டு வராதீர்கள்

படம் எடுக்க வேண்டும் என்று என்னைத் தேடி வருகிற பிள்ளைகள் பலர், "வேலையை விட்டுட்டேன் சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு நான் இத்தாலிய இயக்குநர் எர்மான்னோ ஒல்மியின் கதையைச் சொல்வேன். ஃபெலினி, அந்தோனியோனி போன்ற இத்தாலிய இயக்குநர்களை அறிந்தவர்கள்கூட இவரைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1. சம்பளம் தரும் இடத்தைச் சபிக்காதீர்கள். ஒல்மி 1931இல் பெர்கமோவில் பிறந்தவர். அப்பா ரயில்வே தொழிலாளி, போர்க்காலத்தில் இறந்துபோனார். அம்மா எடிசன்வோல்டா என்ற மின்சார நிறுவனத்தில் வேலை பார்த்தார். மகனும் மிலானில் அங்கேயே குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஊழியர்களுக்கு நாடகம், கலைநிகழ்ச்சி என்று நடத்திக்கொண்டிருந்தவர், கம்பெனி கட்டும் அணைகளையும் மின்நிலையங்களையும் படம்பிடிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1953 முதல் 1961 வரை ஏறக்குறைய 40 ஆவணப்படங்கள்! கேமராவும் ஃபிலிமும் கொடுத்து, மாதம் பிறந்தால் சம்பளமும் கொடுக்கும் சினிமாப் பள்ளி எந்த ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள்.

2. அடுத்தவர் கேட்ட படத்துக்குள்ளேயே உங்கள் படம் ஒளிந்திருக்கலாம். அடமெல்லோ மலைப்பகுதியில் கட்டப்பட்டுவந்த ஓர் அணையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போனார் ஒல்மி. பனிக்காலத்தில் அங்கே வேலை நின்றுவிடும். காவலுக்கு இரண்டே பேர் இருப்பார்கள். அவருக்கு அணையைவிட அந்த இரண்டு பேர்மீதுதான் கண் போனது. வயதான காவலாளி ஒருவர், பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒருவன், வெளியே பனி. 1959இல் வந்த 'காலம் நின்றது' அப்படிப் பிறந்த முதல் கதைப்படம்.

3. ஆனால் வேலை உங்களைத் தின்றுவிடும் என்பதையும் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். 1961இல் வந்த 'இல் போஸ்தோ'வை நான் அடிக்கடி போட்டுக் காட்டுவது இதற்காகத்தான். தொமெனிக்கோ என்ற கிராமத்துப் பையன் மிலானில் ஒரு பெரிய கம்பெனிக்கு வேலை தேடி வருகிறான். பரீட்சை வைக்கிறார்கள், குனிந்து நிமிரச் சொல்கிறார்கள், அசட்டுக் கேள்விகள் கேட்கிறார்கள். எழுத்தர் வேலை காலியில்லை என்று எடுபிடியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதே அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா, இரவில் தன் வாடகை அறையில் யாருக்கும் தெரியாமல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் அவர் மேசை காலியாகிறது. அவர் செத்துப்போனதைப் படம் நமக்குக் காட்டுவதுகூட இல்லை. மேசை டிராயரைக் காலி செய்கிறார்கள், நாவலின் ஓர் அத்தியாயம் கையில் வருகிறது, அதை ஓரமாக வைக்கிறார்கள், அவ்வளவுதான். பையனை அந்த மேசையில் உட்காரச் சொன்னதும் மூத்த குமாஸ்தாக்களுக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் ஒவ்வொரு மேசை முன்னேற, அவனுக்குக் கிடைப்பது கடைசி மேசை. ஒல்மி அப்படியொரு கட்டடத்துக்குள் வருஷக்கணக்கில் இருந்தவர். படத்தையும் எடிசன்வோல்டா அலுவலகத்திலேயே எடுத்தார். நாவல் எழுதிய குமாஸ்தா தானாகவே இருந்திருக்கலாம் என்று அவர் நினைத்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது.

4. 'இல் போஸ்தோ'வில் நாயகியாக நடித்த லொரேதானா தெத்தோவைப் பின்னர் அவர் மணந்துகொண்டார். இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

5. பெரிய நடிகர் கிடைத்துவிட்டால் படம் தேறிவிடும் என்று நம்பாதீர்கள். 1965இல் போப் 23ஆம் ஜானைப் பற்றிய படத்துக்கு ஹாலிவுட்டிலிருந்து ராட் ஸ்டைகர் வந்தார். படம் எடுபடவில்லை. ஆனால் 1988இல் ருட்கர் ஹாவரை வைத்து எடுத்த 'புனிதக் குடிகாரனின் கதை' வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. ஆக, இதில் விதி என்று எதுவும் இல்லை.

6. பாட்டி சொன்னதைத் தூக்கிப் போடாதீர்கள். 1978இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற 'மரச்செருப்பு மரம்' அவர் தன் பாட்டியிடம் கேட்ட கதைகளிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி, பெர்கமோ நாட்டுப்புறம், ஒரே வளவில் நான்கு குத்தகைக் குடும்பங்கள். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்காரருக்கு. நடித்தவர்கள் அந்தப் பக்கத்து விவசாயிகள். பேசுவது அவர்களுடைய வட்டார மொழி. எழுத்து, கேமரா, எடிட்டிங் எல்லாம் ஒல்மியே. ஒரு தாத்தா ரகசியமாகக் கோழி எரு போட்டு, ஊருக்கு முன்னால் தக்காளி பழுக்கவைக்கிறார். கதையில் அது ஒரு பெரிய சம்பவம்! படிக்கப் போகும் மகனின் மரச்செருப்பு உடைந்துபோக, அப்பா வாய்க்காலோரம் ஒரு மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டிச் செருப்பு செதுக்குகிறார். நிலக்காரருக்குத் தெரிந்ததும் குடும்பமே வண்டியேற வேண்டியதாகிறது.

அந்தக் குடும்பம் வெளியேற்றப்படுவதை அண்டைவீட்டார் ஏன் எதிர்க்கவில்லை என்று இடதுசாரி விமர்சகர்கள் அப்போதே கேட்டார்கள். அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் மிலானுக்குப் படகில் போகும் புதுமணத் தம்பதி, விலங்கிட்டு இழுத்துச் செல்லப்படும் போராட்டக்காரர்களுக்கு ஒதுங்கி வழிவிடும் காட்சியைக் கவனியுங்கள். போராட்டம் நடப்பது ஒல்மிக்குத் தெரியும். தன் குடியானவர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை என்கிறார்.

7. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1980களின் நடுவில் கடுமையான நரம்பு நோய் அவரை முடக்கிப்போட்டது. எழுந்து வந்தவர் 1987இல் வெனிஸில் வெள்ளிச் சிங்கமும், மறுவருஷமே நான் சொன்ன தங்கச் சிங்கமும் வாங்கினார்.

8. ஓய்வு பெறப்போவதாக அறிவித்தால் அதை மீறவும் தயாராக இருங்கள். 2007இல் 'இதுவே என் கடைசிக் கதைப்படம்' என்றார். 2011இல் ஒன்று, 2014இல் முதல் உலகப்போர்ப் பதுங்குகுழிகளைப் பற்றி இன்னொன்று எடுத்தார். 2018இல் காலமானார்.

9. அவருடைய படங்களில் இரண்டையாவது வரிசை மாற்றாமல் பாருங்கள். முதலில் 'இல் போஸ்தோ'. ஒன்றரை மணி நேரம்தான். 'மரச்செருப்பு மரம்' மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்றி வெட்டும் காட்சி உண்மையாகவே எடுத்தது. மனசு தாங்காதவர்கள் அந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இத்தாலிய மொழியில் டப் செய்த பிரதியும் உண்டு. அது வேண்டாம், பெர்கமோ பேச்சுள்ள மூலப் பிரதியையே தேடிப் பாருங்கள். மறுநாள் திங்கட்கிழமை, மறக்காமல் ஆபீஸுக்குப் போங்கள்.