தெளிந்ததெல்லாம் தூயதன்று



ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த நீர் எவ்வாறு கிடைக்கிறது? குடுவையில் நீர் கொதிக்கிறது. ஆவி லீபிக் குளிர்விப்பானின் உட்குழாயில் செல்கிறது. வெளிக்குழாயில் குளிர்ந்த நீர் ஓடுகிறது. அந்நீரைக் கீழ்முனையில் செலுத்தி மேல்முனையில் வெளியேற்ற வேண்டும். அப்போதுதான் வெளிக்குழாய் நிறைந்திருக்கும். ஆவி நன்கு குளிர்ந்து துளிகளாகும். உப்பு குடுவையிலேயே தங்கிவிடும்.

ஆனால் வடித்ததெல்லாம் தூயதாகிவிடுமா? மெத்தனால் 65 டிகிரி செல்சியசிலும், சாராயத்திலுள்ள எத்தனால் 78 டிகிரியிலும் கொதிக்கும். கொதிநிலைகள் நெருங்கியிருப்பதால் அவை எளிதில் பிரிவதில்லை. இரண்டும் நிறமற்றவை, கண்ணால் அறிய இயலாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடலில் மெத்தனால் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. இதற்குப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவர் முதலில் நலமாகவே தோன்றுவார்.

ஆகவே, 'உறங்கி எழுந்தால் சரியாகும்' என்று காத்திராமல், பார்வை மங்குமுன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முறிமருந்து உண்டு, தாமதித்தால் அதன் பயன் குறையும். இதை வீட்டிலும் படித்துக் காட்டுங்கள்.