விரைவும் பரிவும்: முதியோர் இல்லப் பணி குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை ஊட்டி வளர்த்த தாய். இன்று அச்சொல் மருத்துவப் பணியாளரைக் குறிக்கிறது. உடனிருந்து ஊட்டும் அப்பணியை அவசரம் எவ்வாறு சிதைக்கிறது என்பதை, அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. நம் நாட்டில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பெரும்பாலும் சிறிய தனியார் மருத்துவமனை. அங்கோ, பிறர் துணையின்றி உண்ணவும் உடுத்தவும் இயலாத முதியோர் நெடுநாள் தங்கி வாழும் இல்லத்தையே அப்பெயர் சுட்டும்.

உணவும் நேரமும்

அவ்வில்லங்களில் குளிப்பாட்டுதல், உடுத்துதல், ஊட்டுதல் ஆகியவற்றைப் பெரிதும் செய்வோர் செவிலி உதவியாளர்களே. மூன்று இல்லங்களில் நிகழ்த்தப்பெற்று 2001இல் வெளியான ஆய்வொன்று ஈண்டு நோக்கத்தக்கது. இல்லப் பணியாளர் ஒருவேளை உணவூட்ட ஒருவருக்குச் சராசரியாக 9 நிமிடம் செலவிட்டனர். ஆய்வாளர்கள் சராசரியாக 38 நிமிடம் உடனிருந்து உதவியபோது, பங்கேற்றோருள் பாதிப்பேர் குறிப்பிடத்தக்க அளவு மிகுதியாக உண்டனர். ‘உண்ண மறுக்கிறார்’ எனக் கருதப்படும் முதியவர் பலர், உண்மையில் நேரம் மறுக்கப்பட்டவர்கள் என்பது இதனால் பெறப்படும்.

உள்ளத்தின் ஊறு

அவசரம் உடலோடு நிற்பதில்லை. மறதி நோயுற்றோரை ஆராய்ந்த இங்கிலாந்து அறிஞர் டாம் கிட்வுட், 1997இல் வெளியிட்ட நூலில், அந்நோயாளரின் மனிதத் தன்மையைக் குலைக்கும் 17 நடத்தைகளைப் பட்டியலிட்டார். அவர்களால் ஈடுகொடுக்க இயலாத விரைவில் பேசுவதும் செயற்படுத்துவதும் அவற்றுள் ஒன்று. இவற்றைச் செய்வோர் கொடியவர் அல்லர். பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவரே என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

பணியாளர் நிலை

ஓர் உதவியாளர் ஐவருக்கு 38 நிமிடம் வீதம் ஊட்டுவதாயின் 190 நிமிடம், அஃதாவது மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகும். பகலுணவு வேளை அத்துணை நீளாது. ஆகவே, யாருக்கு நேரத்தைக் குறைப்பது என்னும் முடிவு அவர் தலையில் விழுகிறது. செய்ய வேண்டியது இன்னதென அறிந்தும் செய்யவியலாத நிலை மனச்சான்றை உறுத்தும். 2017, 2018ஆம் ஆண்டுகளில் அமெரிக்க இல்லங்களின் செவிலிப் பணியாளர் விலகல் விகிதம் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 128 விழுக்காடு. ஒரே பணியிடத்திற்கு ஓராண்டில் ஒருவருக்கு மேல் வந்து செல்கின்றனர் என்பது இதன் பொருள். குறைந்த ஊதியமும் இதற்குக் காரணமாகும். புதிதாய் வருபவர் முதியவரின் பழக்கம் அறியார். எஞ்சியவர்க்கோ சுமை கூடுகிறது. இவ்வாறு அவசரமே அவசரத்தைப் பெருக்குகிறது.

சட்டமும் நடைமுறையும்

ஒவ்வொருவரும் தமக்கு இயன்ற உயர்ந்த உடல், மன நலத்துடன் வாழ வேண்டும் என 1987ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 4.1 மணி நேரச் செவிலிப் பணி வேண்டுமென 2001இல் அரசு மேற்கொண்ட ஆய்வு கண்டது. 2024இல் 3.48 மணி நேரம் என விதி இயற்றப்பட்டது. 2025இல் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அவ்விதியைத் தள்ளுபடி செய்தது.

முடிவுரை

பணியாளரிடம் பரிவை மட்டும் வேண்டிப் பயனில்லை. பரிவு செயற்பட நேரம் வேண்டும். நேரம் கிட்டப் போதிய ஆட்கள் வேண்டும். முதியோர் இல்லங்கள் பெருகிவரும் நம் நாட்டிலும், பெற்றோரைச் சேர்க்கச் செல்வோர் கட்டடத்தின் பொலிவைக் காண்பதினும், உணவு வேளையில் ஒருவர் எத்தனை பேருக்கு ஊட்டுகிறார் எனக் கேட்டறிதல் நன்று.