கேளாதோர் கதி

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் சவ்வாது மலையடிவாரத்து அமிர்திக் காட்டுக்குச் சென்றிருந்தோம். அருவிக்கரையில் உண்டு இளைப்பாறுகையில், ஆம்பூர்ப் பக்கத்து மாணவரொருவர், "ஐயா, என் பாட்டனார் தோல் ஷாப்பில் உழைத்து, சுவிசேஷத்தைக் காதாற் கேளாமலே மாண்டார். அவருக்கு நித்திய ஆக்கினைதானோ?" என்று வினவினார். உடனிருந்தோர் எவரும் நகைக்கவில்லை. இவ்வினா திருச்சபையில் புதியதன்று. ஆதலின் அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது எழுதுவோம்.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சந்திரியா நகரத்து ஒரிகேன் என்பார், தேவனுடைய அக்கினி அழிப்பதன்று, புடமிடுவது என்றும், முடிவில் ஆத்துமாக்களெல்லாம் அவரிடம் திரும்பும் என்றும் கருதினார். நீசா நகரத்துக் கிரெகோரியாரும் ஏறக்குறைய அவ்வாறே நம்பினார். அகஸ்தீன் இதனை மறுத்தார். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் இறுதி வசனத்தில் ஆக்கினைக்கும் ஜீவனுக்கும் 'நித்திய' என்னும் ஒரே அடைமொழி வருதலின், ஒன்றுக்கு முடிவு கூறுவோர் மற்றதற்கும் கூறவேண்டுமே என்பது அவர் வாதம். வலிய வாதமே. ஆயினும் அக்கிரேக்கச் சொல் 'யுகம்' என்னும் பொருளுள்ள சொல்லினின்று பிறந்தது என்பதை மறுதரப்பார் விடாது எடுத்துக்காட்டுவர். 553-இல் கொன்ஸ்தந்தீனோப்பிளிற் கூடிய சங்கத்தை ஒட்டி ஒரிகேன் கொள்கை கண்டனமுற்றது. (அக்கண்டன விதிகள் சங்கத்தார் தாமே இயற்றியவையோ என்பதில் சரித்திரகாரர் ஒருமைப்படார்.) கிரெகோரியாரோ இன்றும் பரிசுத்தவானாகவே போற்றப்படுகிறார்!

நம் தேசத்தை நேரே தொட்ட வழக்கு 1886-இல் எழுந்தது. பம்பாயிற் பிறந்து அகமத்நகரில் ஊழியஞ்செய்த ராபர்ட் ஹியூம் ஐயர், அமெரிக்கா சென்றிருந்தபோது அந்தோவர் வேதசாஸ்திரக் கலாசாலையிற் பேசுகையில், கிறிஸ்துவை அறியாமல் இறந்தோர்க்கு மரணத்தின்பின் அவரை அறியுந் தருணம் கிடைக்கலாம் என்னும் எண்ணத்துக்கு இடங்கொடுத்தார். இஃது எல்லோரும் இரட்சிக்கப்படுவர் என்னுங் கொள்கையன்று. தருணம் பெற்றும் தள்ளுவோர் இருக்கலாமன்றோ? இவ்வேற்றுமையை நம் மாணவர் மறக்கலாகாது. அவரை அனுப்பிய அமெரிக்கன் போர்டாரிற் பலர் திடுக்கிட்டனர். பின்னும் தருணமுண்டெனில் இப்பொழுதே கடல் கடந்து போவானேன்? மிஷன் ஊழியத்துக்கே இது வேரறுப்பாகும் என்றனர். அவர் திரும்புவதற்கு அனுமதி தாமதித்தே, 1887-இல் கிடைத்தது.

மதுரை மிஷன் அதே போர்டைச் சேர்ந்தது. நம் ஆர்க்காடு மிஷனும், 1853-இல் ஸ்கடர் சகோதரர் தொடங்கியபோது அதன்கீழ்தான் இருந்தது. 1857-இல் சீர்திருத்தத் திருச்சபையார் பிரிந்துகொண்டமையால் இவ்வழக்கில் நேரே அகப்படவில்லை.

வேரறுப்பு உண்டாயிற்றோ? ஹியூம் ஐயர் 1900-ஆம் ஆண்டுக் கொடும் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு முன்னின்றார். முதுமைவரை இத்தேசத்திலேயே உழைத்தார். ஆதலின் அவ்வச்சம் வீணென்றே கருதுகிறோம். ஆயினும் இக்கொள்கைக்குப் பலரும் காட்டும் 1 பேதுரு 3:19, காவலிலுள்ள ஆவிகளைப்பற்றிய வசனம், இத்துணைப் பாரத்தைத் தாங்குமளவு அகலமுடையதன்று. நியாயாதிபதி கிறிஸ்துவே ஆயின், அவரை ஒருக்காலும் அறியாதவனை அவர் எங்ஙனம் தீர்ப்பார் என்னும் அந்தோவராரின் தர்க்கமே அதனினும் வலியது.

இவற்றை அருவிக்கரையிற் சொல்லி முடிக்குமுன் வெயில் தாழ்ந்துவிட்டது. வினவிய மாணவர், "அந்த நியாயாதிபதி என் பாட்டனாரை அறிந்தவர்தானே, ஐயா?" என்றார். ஆம் என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றுங் கேட்கவில்லை.